நெஞ்சு அறுவைக்குப் பின் வலி: எந்த நரம்பை, எங்கே, எவ்வளவு நேரம் மரக்க வைப்பது?

கேமரா வழியாக நெஞ்சுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகும் நோயாளி முதலில் கேட்பது, “தையல் எவ்வளவு பெருசா இருக்கும், டாக்டர்?” என்பதுதான். இரண்டு விரல் அகலம், மூன்று விரல் அகலம் என்று பதில் வந்ததும் முகம் தெளிந்துவிடும். வலியைப் பற்றி அவரும் கேட்பதில்லை, பெரும்பாலும் மருத்துவரும் சொல்வதில்லை. வெட்டு சிறியதென்றால் வலியும் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். வயிற்றுப் பகுதியில் இந்தக் கணக்கு ஓரளவு சரி. நெஞ்சில் சரிப்படாது.

காரணம் விலா எலும்புகளின் அமைப்பு. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதில் சிரை, தமனி, நரம்பு மூன்றும் மேலிருந்து கீழாக அந்த வரிசையில் போகின்றன. ஆகக் கீழே இருக்கும் நரம்புக்குத்தான் எலும்பின் காப்பு குறைவு. இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை நுழைத்து, மணிக்கணக்கில் மேலும் கீழும் சாய்த்து வேலை செய்யும்போது கருவிக்கும் எலும்புக்கும் இடையே அந்த நரம்பு நசுங்குகிறது. அறுவை முடிந்த பிறகு காற்றும் நீரும் வடிய ஒரு குழாயை வைத்துத் தைக்கிறார்கள். அதுவும் விலா எலும்புகளின் இடைவெளியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது நெஞ்சுச் சுவரின் உட்புறத்தை மூடியிருக்கும் ப்ளூரா என்ற உறையில் உராய்கிறது. ஒடிந்த கையைக் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்சுக்கு அந்த வழி கிடையாது.

1910-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயஸ், சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கருவியை நெஞ்சறைக்குள் விட்டுப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார். காசநோயால் நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொண்ட இடங்களைப் பிரிக்க அந்த முறை அக்காலத்தில் பயன்பட்டது. வீடியோ கேமரா வந்தபின், 1990-களின் தொடக்கத்தில், நுரையீரலின் ஒரு மடலையே சிறு துளைகள் வழியாக எடுக்க முடிந்தது. 2010-இல் ஸ்பெயினின் கொருன்யா நகரில் டியேகோ கொன்சாலஸ் ரிவாஸ் அதை ஒரே துளை வழியாகச் செய்து காட்டினார். மருத்துவமனைகளில் இந்த வகை அறுவைக்கு ‘வாட்ஸ்’ என்று பெயர்.

பழைய முறையில் விலா எலும்புகளை விரித்து நெஞ்சைத் திறப்பதோடு ஒப்பிட்டால் இதில் வலி குறைவு என்பதில் சந்தேகமில்லை. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடத்தி, 2016-இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வெளியான ஆய்வு அதை எண்ணிக் காட்டியது. முதல் 24 மணி நேரத்தில் கணிசமான வலி இருந்தவர்கள் திறந்த முறையில் 63 சதவீதம், வாட்ஸில் 38 சதவீதம். இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் 63 என்பது 38 ஆகக் குறைந்ததைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அந்த 38-ஐப் பற்றிப் பேச விரும்புகிறேன். அறுவை நிபுணரின் கைத்திறனால் வந்த குறைவு அதோடு நின்றுவிடுகிறது. மிச்சத்தைக் குறைக்க வேண்டியது மயக்க மருத்துவரின் பொறுப்பு. அதற்கு அவரிடம் இருக்கும் முக்கியமான வழி நரம்பு பிளாக், அதாவது வலியைக் கொண்டுசெல்லும் நரம்பைச் சில மணி நேரம் மரக்க வைக்கும் ஊசி.

இந்த வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல முடியாததற்கு இரக்கத்தைத் தாண்டியும் காரணம் உண்டு. வலிக்கும் நெஞ்சோடு படுத்திருப்பவர் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இருமவும் மாட்டார். சளி தங்கும். நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கும். அங்கே கிருமி பிடித்தால் நிமோனியா. ஏற்கெனவே ஒரு மடல் எடுக்கப்பட்டவருக்கு இது உயிர்ப்பிரச்சினை. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளை மட்டும் நம்பினால் வேறொரு சிக்கல். அவை வலியைக் குறைக்கும்போதே மூச்சின் வேகத்தையும் குறைக்கின்றன, தூக்கக் கலக்கம், வாந்தி, மலச்சிக்கல் எல்லாம் கூட வருகின்றன. இருமலையும் அடக்குகின்றன. இருமியே ஆக வேண்டிய நோயாளிக்கு அதைவிடப் பொருந்தாத விளைவு இல்லை.

எபிடூரல் பின்னுக்குப் போன கதை

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே மருந்து விடும் எபிடூரல் முறையை ஸ்பெயினின் இராணுவ மருத்துவர் ஃபிடெல் பாகேஸ் 1921-இல் விவரித்தார். முதுகின் நடுப்பகுதியில் மெல்லிய குழாய் வைத்து, நாள்கணக்கில் மருந்து சொட்டவிடும் தொராசிக் எபிடூரல்தான் நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைக்கு நீண்ட காலம் உச்சத் தரமாக மதிக்கப்பட்டது. வேலை செய்தால் அதற்கு இணை கிடையாது என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் அது இருபக்க நரம்புகளையும் மரக்கச் செய்கிறது, இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும் பரிவு நரம்புகளையும் சேர்த்து. இரத்த அழுத்தம் இறங்கும். அதை ஏற்ற சிரை வழியாக நீர் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும் என்ற பயம். சிறுநீர் இறங்காமல் குழாய் போட வேண்டிவரும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு, தண்டுவடத்தை அழுத்தும் இரத்தக் கட்டு உண்டாகும் ஆபத்து மிக அரிது என்றாலும், வந்தால் கால்கள் செயலிழக்கும். தொராசிக் எபிடூரல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பலனளிக்காமல் போவதாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. மறுநாள் எழுந்து நடந்து, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போக வேண்டிய வாட்ஸ் நோயாளிக்கு இவ்வளவும் அதிகம். ஒரு பக்க வலிக்கு ஒரு பக்க மரப்பே போதும்.

முதுகெலும்பின் ஓரத்து இடுக்கு

அந்த ஒரு பக்க மரப்புக்கான வழி எபிடூரலுக்கும் முந்தியது. ஜெர்மனியில் ஹூகோ செல்ஹைம் என்ற மகப்பேறு மருத்துவர் 1905-இல் முதுகெலும்பின் ஓரத்தில் ஊசி போட்டு நரம்பை மரக்கச் செய்தார். பிறகு அது மறக்கப்பட்டது. 1979-இல் இங்கிலாந்தில் ஈசன், வையட் என்ற இருவர் அதை மீட்டெடுத்தார்கள். பாராவெர்ட்டிப்ரல் பிளாக் என்பது இதுதான்.

முதுகெலும்பின் இருபுறமும், ஒவ்வொரு விலா எலும்பின் மட்டத்திலும், ஆப்பு வடிவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது. உட்பக்கம் முதுகெலும்பு, பின்பக்கம் ஒரு தசைநார், முன்பக்கம் ப்ளூரா. தண்டுவடத்திலிருந்து வெளியேறும் நரம்பு, விலாவுக்கும் முதுகுக்கும் கிளை பிரியும் இடம் இது. இங்கே விடும் மருந்து கிளைகளைத் துரத்த வேண்டியதில்லை, வேரிலேயே பிடித்துவிடுகிறது. மேலும் கீழும் சில மட்டங்களுக்குப் பரவவும் செய்யும். மறுபக்கம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வதால் இரத்த அழுத்தம் அதிகம் இறங்குவதில்லை.

ப்ளூரா சில மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பதுதான் பயம். அல்ட்ராசவுண்ட் பழக்கத்துக்கு வருவதற்கு முன், 1995-இல் வெளியான ஒரு தொகுப்பு, 367 நோயாளிகளின் அனுபவத்தைக் கணக்கிட்டது. பத்தில் ஒருவருக்கு ஊசி பலிக்கவில்லை. ப்ளூராவில் குத்தியது 1.1 சதவீதம், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்தது 0.5 சதவீதம். குருட்டாம்போக்கில் போட்ட காலத்து எண்கள் இவை. திரையில் ஊசி முனையைப் பார்த்தபடி போடும் இன்றைய கைகளுக்கு இந்த எண்கள் பயமுறுத்துபவை அல்ல.

எபிடூரலோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்தார்கள். 10 ஆய்வுகளில் 520 பேரைச் சேர்த்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், 14 ஆய்வுகளில் 698 பேரைப் பார்த்த 2016-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வும் வலிக்குறைப்பில் இரண்டும் ஈடு என்றன. இரத்த அழுத்தம் இறங்குதல், வாந்தி உணர்வு, சிறுநீர் அடைப்பு ஆகியவை பாராவெர்ட்டிப்ரலில் குறைவு. இறப்பு விகிதத்தில் வேறுபாடு தென்படவில்லை. இவை நெஞ்சைத் திறந்து செய்த அறுவைகளின் கணக்குகள். அவ்வளவு பெரிய காயத்துக்கே ஈடு என்றால், சிறு துளைகளுக்கு எபிடூரலை நியாயப்படுத்துவது கடினம்.

எலும்பில் முட்டி நிற்கும் ஊசி

2016-இல் கனடாவிலிருந்து மௌரிசியோ ஃபொரேரோவும் கூட்டாளிகளும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். விலா எலும்பில் பரவிய புற்றுநோயால் ஒருவர், பல விலா எலும்புகள் முறிந்து கோணலாகக் கூடியதால் ஒருவர் என, தீராத நரம்பு வலியில் தவித்த இரு நோயாளிகளைப் பற்றியது அது. முதுகெலும்பை நிமிர்த்தி வைக்கும் எரெக்டர் ஸ்பைனே தசைக்கு அடியில் மருந்து விட்டபோது நெஞ்சின் பெரும்பகுதி மரத்துப்போனது. இரண்டே நோயாளிகளில் தொடங்கிய இந்த ‘ஈஎஸ்பி பிளாக்’ சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. நெஞ்சு அறுவை, இதய அறுவை, முதுகெலும்பு அறுவை, விலா முறிவு என்று அது எட்டாத இடம் குறைவு.

ஏன் இவ்வளவு வேகம் என்பதை அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். நடுமுதுகிலிருந்து மூன்று சென்டிமீட்டர் விலகி, ஐந்தாவது நெஞ்சு முள்ளெலும்பின் மட்டத்தில் கருவியை நெடுக்காக வைக்கிறார்கள். மேலே ட்ரபீசியஸ், அதன் கீழே ராம்பாய்ட், அதற்கும் கீழே எரெக்டர் என மூன்று தசைகள் படலம் படலமாகத் தெரியும். அடியில் முள்ளெலும்பின் பக்க நீட்சி, தட்டையான வெள்ளைக் கோடாக, பின்னால் கருநிழலோடு நிற்கும். ஊசி அந்த எலும்பில் முட்டி நின்றுவிடுகிறது. எலும்புக்கு அப்பால் போனால்தானே ப்ளூரா! கொஞ்சம் மருந்து விட்டதும் எரெக்டர் தசை எலும்பை விட்டு மேலெழும்பி, நடுவே ஒரு கறுப்புப் பட்டை நீளும். இடம் சரி என்பதற்கு அதுவே அடையாளம். இருபது, முப்பது மில்லி மருந்து அந்தப் பட்டையில் மேலும் கீழும் ஓடுகிறது. பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவரும் பதற்றமில்லாமல் கற்றுக்கொள்ளக்கூடியது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கும் எபிடூரலை விடத் துணிந்து போடலாம்.

மருந்து எப்படி நெஞ்சின் முன்புறம் வரை வேலை செய்கிறது என்பதில்தான் தீராத சர்ச்சை. முதுகுத் தசைக்கு அடியில் விட்டது, அதற்கு முன்னால் இருக்கும் நரம்பு வேரை எப்படி எட்டுகிறது? 2018-இல் மெல்போர்னில் பத்து உடல்களில் இருபது ஊசிகள் போட்டு, சாயம் ஓடிய வழியைப் பிரித்துப் பார்த்தார்கள். சாயம் முன்னால் பாராவெர்ட்டிப்ரல் இடத்துக்குப் போகவில்லை. முதுகுக்குப் போகும் கிளைகளை மட்டும் நனைத்திருந்தது. அதே ஆண்டு இன்னொரு குழு எம்ஆர்ஐ படமும் உடற்கூறும் சேர்த்துப் பார்த்து, சாயம் நரம்பு வெளியேறும் துளைகளுக்கும் எபிடூரல் பகுதிக்கும் போயிருப்பதைக் காட்டியது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். மூச்சு விடும் நெஞ்சில் அழுத்தம் ஏறி இறங்குவதும் தசை அசைவதும் மருந்தை நகர்த்தக்கூடியவை. உயிரற்ற உடலில் அது நடக்காது. ஆளுக்கு ஆள் பரவும் அளவு மாறுகிறது என்பதை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்த ஊசி ஒருவருக்கு அற்புதமாகவும் அடுத்தவருக்கு அரைகுறையாகவும் வேலை செய்கிறது.

மற்ற இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். அக்குளுக்குக் கீழே, விலா எலும்புகளின் மேல் படர்ந்திருக்கும் செரட்டஸ் தசையின் மேலோ அடியிலோ மருந்து விடும் முறையை ரஃபேல் பிளாங்கோ குழு 2013-இல் விவரித்தது. மல்லாந்து படுத்தபடியே போட்டுக்கொள்ளலாம் என்பது வசதி. நரம்பின் பக்கக் கிளைகளை மட்டும் எட்டுவது குறை. இன்னொன்று, அறுவை நிபுணரே நெஞ்சுக்குள்ளிருந்து கேமராவில் பார்த்தபடி ஒவ்வொரு விலாவிடை நரம்புக்கும் மருந்து விடுவது. அல்ட்ராசவுண்ட் தேவையில்லை, சில நிமிடங்களில் முடியும். ஆனால் விலாவிடைப் பகுதியிலிருந்து மருந்து இரத்தத்தில் கலக்கும் வேகம் மற்ற எந்த நரம்பு பிளாக்கையும் விட அதிகம். பலன் குறையும் நேரமும் சீக்கிரம் வருகிறது.

எது மேல் என்ற கேள்வி

இந்த ஊசிகளை ஒன்றோடொன்று மோதவிட்ட ஆய்வுகள் ஏராளம். பெரும்பாலானவை சிறியவை, ஒரே மருத்துவமனையில் நடந்தவை. அவற்றில் டப்ளினிலிருந்து 2020-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியா’ இதழில் வந்த ஆய்வு எனக்குப் பிடித்தமானது. நோயாளிகள் 60 பேர்தான். ஆனால் அவர்கள் முதன்மையாக அளந்தது வலி மதிப்பெண்ணை அல்ல. தூக்கம் வந்ததா, சாப்பிட முடிந்ததா, மூச்சு சுலபமாக விட முடிந்ததா, மனம் கலங்கியதா என 15 கேள்விகள் கேட்டு 150-க்கு மதிப்பிடும் ‘கியூஓஆர்-15’ என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். 24 மணி நேரத்தில் ஈஎஸ்பி பெற்றவர்களின் சராசரி 114, செரட்டஸ் பெற்றவர்களுக்கு 102. இந்த அளவுகோலில் எட்டு புள்ளி வேறுபாடு இருந்தாலே நோயாளியால் உணர முடியும் என்று அதை உருவாக்கிய குழுவினரே கணித்திருந்தார்கள். பன்னிரண்டு புள்ளி என்பது படுக்கையில் கிடப்பவருக்குத் தெரியும் வித்தியாசம்.

பாராவெர்ட்டிப்ரலும் ஈஎஸ்பியும் மோதிய ஆய்வுகளில் அப்படித் தெளிவு இல்லை. முதல் நாளில் பாராவெர்ட்டிப்ரல் சற்று முன்னால் நிற்கிறது என்று சிலவும், இரண்டும் ஒன்றுதான் என்று சிலவும் சொல்கின்றன. முன்னால் நிற்கும்போதும் வேறுபாடு பத்துக்கு ஒரு புள்ளிக்குள்தான் பெரும்பாலும் அடங்குகிறது. ஒரு புள்ளிக்குக் குறைந்த வேறுபாட்டைப் புள்ளியியல் கண்டுகொள்ளும், நோயாளி கண்டுகொள்ள மாட்டார்.

அறுவை சிகிச்சைகளுக்கான வலி மேலாண்மைப் பரிந்துரைகளை வகுக்கும் ஐரோப்பிய அடிப்படையிலான ‘ப்ராஸ்பெக்ட்’ குழு, வாட்ஸுக்கான தன் பரிந்துரையை 2022-இல் ‘அனஸ்தீசியா’ இதழில் வெளியிட்டது. பாராசிட்டமாலும், டைக்ளோஃபினாக் அல்லது செலிகாக்சிப் வகை அழற்சி எதிர்ப்பு மருந்தும் அறுவைக்கு முன்பிருந்தோ நடுவிலோ தொடங்கி, பிறகும் தொடர வேண்டும். அவற்றோடு பாராவெர்ட்டிப்ரல் அல்லது ஈஎஸ்பி பிளாக். இரண்டாவது தேர்வாக செரட்டஸ். ஓபியாய்டு, மற்றவை போதாதபோது மட்டும். எபிடூரல் அந்தப் பட்டியலில் இல்லை. அதை வாசிக்கும் பலரும் ஊசியின் பெயரைத் தேடுகிறார்கள். அதற்கு மேலே உள்ள வரியைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன். எவ்வளவு நேர்த்தியாக பிளாக் போட்டாலும், வார்டுக்குப் போன பிறகு வேளை தவறாமல் பாராசிட்டமால் கொடுக்காமல், “வலிச்சா சொல்லுங்க” என்று விட்டுவிட்டால் இரவு இரண்டு மணிக்கு நோயாளி விழித்துக்கொண்டு தவிப்பார்.

அந்த நேரம் தற்செயலானதல்ல. ஒரு முறை விடும் பியூபிவாக்கேய்ன் அல்லது ரோபிவாக்கேய்ன் ஏறத்தாழ ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். பிற்பகலில் அறுவை என்றால் ஊசியின் பலன் தீர்வது நள்ளிரவில், செவிலியர் எண்ணிக்கை குறைந்திருக்கும் நேரத்தில். எந்த ஊசி உயர்ந்தது என்று தீர்மானிப்பதற்கு நாம் செலவழித்த உழைப்பில் கொஞ்சத்தை, அது தீர்ந்த பிறகு என்ன செய்வது என்பதில் செலவழித்திருக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வுகளையெல்லாம் படித்தபின் என் முடிவு.

நீட்டிக்க வழிகள் இருக்கின்றன. மெல்லிய குழாய் வைத்து இரண்டு மூன்று நாள் மருந்து விடலாம். பாராவெர்ட்டிப்ரல் குழாய் நன்றாக வேலை செய்யும், ஆனால் நழுவும், கசியும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். டெக்ஸாமெத்தசோன் சேர்த்தால் சில மணி நேரம் கூடும். கொழுப்பு உறைக்குள் அடைத்து மெதுவாக வெளிப்படும் பியூபிவாக்கேய்னுக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. விலை அதிகம். நரம்பைச் சுற்றி விடும்போது சாதாரண பியூபிவாக்கேய்னை விட நோயாளிக்குத் தெரியும்படியான ஆதாயம் இல்லை என்று 2021-இல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. அதற்காக வருந்தத் தேவையில்லை. நம் மருத்துவமனைகள் அதற்குக் காத்திருக்க அவசியமில்லை என்பதே அதன் பொருள். நரம்பைக் கடுங்குளிரில் உறையவைத்து மாதக்கணக்கில் மரக்கச் செய்யும் முறை, நெஞ்செலும்பு உள்வாங்கிய பிள்ளைகளுக்கு உலோகப் பட்டை வைத்து நிமிர்த்தும் அறுவையில் நல்ல பலன் தருகிறது. வளர்ந்தவர்களுக்கு, நரம்பு மீண்டு வளரும்போது எரிச்சலும் கூச்சமும் கலந்த புதுவலி தொற்றிக்கொள்ளும் என்ற கவலை இருப்பதால் வாட்ஸுக்கு அதைச் சட்டென்று பரிந்துரைக்க மாட்டேன்.

ஊசி எட்டாத வலி

மேலே சொன்ன எந்த ஊசியும் தொடாத ஒரு வலி உண்டு. அறுவை நடந்த பக்கத்துத் தோள் வலி. நெஞ்சில் அறுத்தால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? உதரவிதானத்தையும் அதைச் சுற்றிய ப்ளூராவையும் உணரும் ஃப்ரெனிக் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. அங்கே உண்டாகும் உறுத்தலை மூளை தோளில் நடப்பதாக எடுத்துக்கொள்கிறது. முதுகின் நடுவில் போட்ட ஊசி கழுத்து நரம்பை எட்டாது. இது தெரியாதவர், ‘பிளாக் பலிக்கவில்லை’ என்று முடிவுகட்டி மார்ஃபினைக் கூட்டுவார். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று ஒரு விரலால் தொட்டுக்காட்டச் சொன்னால் போதும். தோளைத் தொட்டால் அழற்சி எதிர்ப்பு மாத்திரை பெரும்பாலும் கைகொடுக்கும். குழாயின் முனை மேலே குத்திக்கொண்டிருந்தால் சற்று வெளியே இழுத்து வைப்பதும் உதவும்.

மாதக்கணக்கில் நீடிக்கும் வலி இன்னொன்று. திறந்த அறுவைக்குப் பின் மூன்று மாதத்தில் 57 சதவீதத்தினருக்கும், ஆறு மாதத்தில் 47 சதவீதத்தினருக்கும் வலி நீடித்ததாக 2014-இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. வாட்ஸில் இது குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. சட்டை உரசினாலே எரிவது, உள்ளாடை போட முடியாமை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமை. முதல் நாளில் கடும் வலி பட்டவர்களுக்கே பிறகு நீடித்த வலியும் அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் முதல் நாள் வலியை ஊசியால் அடக்கினால் நீடித்த வலியும் வராது என்பதற்கு வாட்ஸில் உறுதியான சான்று இன்னும் இல்லை. அதை வாக்குறுதியாக நோயாளியிடம் சொல்லக் கூடாது.

மெலிந்த உடலும் மருந்தின் கணக்கும்

நம் நாட்டில் இந்த அறுவைக்கு வருபவர்களில் கணிசமானோர் காசநோயால் நெஞ்சில் சீழ் கட்டி, நுரையீரலைச் சுற்றித் தடித்த தோல் பிடித்தவர்கள். அந்தத் தோலை உரித்தெடுக்கும் அறுவை நேரம் பிடிக்கும். ப்ளூரா கிழியும். பாராவெர்ட்டிப்ரல் இடத்தில் விட்ட மருந்து கிழிசல் வழியாக நெஞ்சறைக்குள் கசிந்து, வடிகுழாயில் வெளியேறிவிடலாம். இவர்களுக்கு எலும்புக்குப் பின்னால் போடும் ஈஎஸ்பியே ஏற்றது என்று நினைக்கிறேன்.

இவர்கள் பெரும்பாலும் மெலிந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பியூபிவாக்கேய்ன் உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம்தான் எல்லை என்பது பொதுவான விதி. 45 கிலோ எடையுள்ளவருக்கு 90 மில்லிகிராம். 0.5 சதவீத மருந்து 20 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வில் 20 மில்லி என்று படித்து அப்படியே ஊசியில் ஏற்றினால் எல்லை தாண்டியாயிற்று. 0.25 சதவீதமாக நீர்த்தால் அதே 20 மில்லியில் 50 மில்லிகிராம். பரவல் மருந்தின் கொள்ளளவைப் பொறுத்தது, ஆபத்து மில்லிகிராமைப் பொறுத்தது. அறுவை நிபுணர் தையல் இடத்தில் தனியாகப் போடும் மரப்பு மருந்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் போட்டுக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து.

எல்லை தாண்டினால் உதட்டைச் சுற்றி மரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, இதயத் துடிப்பு தடுமாறி நின்றுபோதல். மயக்கத்தில் இருப்பவர் முதல் அறிகுறிகளைச் சொல்ல முடியாது. 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைச் சிரையில் ஏற்றினால் மருந்தை இதயத்திலிருந்து விலக்க முடியும் என்பதை கய் வைன்பெர்க் 1998-இல் எலிகளில் காட்டினார். 2006-இல் முதல் நோயாளி அப்படிக் காப்பாற்றப்பட்டார். கிலோவுக்கு 1.5 மில்லி என்பது முதல் அளவு. நரம்பு பிளாக் போடும் ஒவ்வொரு அறுவை அரங்கிலும் அந்தப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருந்துக் கடைக்கு ஆளனுப்பி வாங்கி வர நேரம் இருக்காது.

அல்ட்ராசவுண்ட் கருவி இன்னொரு தடை. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். நினைத்த இடத்துக்கு எடுத்துப் போக முடியாது. சட்டத்தின் நோக்கம் நியாயமானது, தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆனால் கருவி ஸ்கேன் அறையில் பூட்டியிருக்க, பக்கத்து அறுவை அரங்கில் நோயாளி ஊசியில்லாமல் போகிறார். அரங்குக்கென்று தனியாக ஒரு கருவியைப் பதிவு செய்து வைப்பது மருத்துவமனை நிர்வாகம் செய்யக்கூடியதுதான். அதுவும் இல்லாத இடத்தில் அறுவை நிபுணர் உள்ளிருந்து போடும் விலாவிடை ஊசி இருக்கிறது. ஒன்றும் போடாமல் தைத்து முடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. பாராவெர்ட்டிப்ரலில் கை பழகியவர் அதையே போடட்டும். மற்றவர்கள் ஈஎஸ்பி போடட்டும். வலியை அளக்கும்போது படுத்திருக்கையில் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாமல், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு முறை இருமச் சொல்லி, அப்போது எத்தனை என்று கேட்டு எழுதட்டும். அந்த எண்ணை வைத்து மருந்தைத் தீர்மானிக்கட்டும்.

இந்த அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. முந்தைய நாள் மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்: எனக்கு நரம்பு ஊசி போடுவீர்களா? அது எத்தனை மணிக்குத் தீரும்? தீர்ந்த பிறகு என்ன மருந்து, எந்த நேரத்தில் தருவார்கள்? ராத்திரி வலித்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? எடையையும், சாப்பிடும் மாத்திரைகளையும், சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இருமுவதற்கு வலி தடையாக இருந்தால், பொறுத்துக்கொள்ளாமல் அப்போதே செவிலியரைக் கூப்பிடுங்கள்.